இடம் வலமான படம்

“உங்களை உள்ளே விட்டதே தப்பு. இப்பக் கேமராவை வேற காட்டணுமா?”

கிடங்கு முதலாளியின் மூத்த மகன் மேஜையில் அடித்த அடியில் டம்ளர் துள்ளிக் கவிழ்ந்து, பாதித் தேநீர் சோடாவின் சட்டையில் இறங்கியது.

“பரவால்ல சார். கேட்டு வாங்கிக் குடிக்கணுமேன்னு கூச்சமா இருந்துச்சு. நீங்களே ஊத்திட்டீங்க” என்றான் சோடா.

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்த சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சோடாவுக்கு அந்தப் பெயர் மூக்குக் கண்ணாடியின் தடிமனால் வந்தது. கல்யாண ஸ்டுடியோவில் மணப்பெண்களின் பருக்களை அழித்துக்கொண்டிருந்தவனை, “வாடா, குற்றவாளிகளோட பருவைத் தேடலாம்” என்று கூப்பிட்டுக்கொண்டவள் அவனுடைய சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் ஒரு காலத்தில் நிலவரைபட அலுவலகத்தில் இருந்தாள். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் விழுந்த கோடுகளையும் கறைகளையும் கணக்குப் போட்டுத் துடைப்பது வேலை. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவள், ஒரு தையல்கடைக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அங்கேயும் உண்மையைத்தான் சொன்னாள். அதனால் கூட்டம் அதிகமில்லை.

இப்போது அவர்கள் நின்றிருந்தது ஒரு கோல்ட் ஸ்டோரேஜின் ஆபீஸ் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் நீளமான ஒரு நடைபாதை. இடப்பக்கம் இறைச்சி அறைகள், வலப்பக்கம் மருந்து அறைகள். கதவுகள் எல்லாம் ஒரே அச்சு. சில நாளைக்கு முன்னால் அந்த நடைபாதையில்தான் கிடங்கின் முதலாளி, இறைச்சி இழுக்கும் இரும்புக் கொக்கியால் பின்மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார்.

வீடியோ பதிவாகும் பெட்டியை யாரோ பிடுங்கிப் போயிருந்தார்கள். ஆனால் நடைபாதையில் ஆள் அசைந்தால் கேமரா ஒரு படத்தை முதலாளியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். அப்படி வந்த படங்களில் ஒன்று மட்டும் அழியாமல் தப்பித்திருந்தது. அதில் முதலாளி முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால், முகத்தை மூடிய குளிர்ஜாக்கெட்டில் ஓர் உருவம். பக்கத்தில் இறைச்சி வரிசைக் கதவு ஒன்று பாதி திறந்து வெண்புகை கக்குகிறது. உருவத்தின் ஓங்கிய இடக்கையில் கொக்கி.

வீட்டில் இடக்கைக்காரன் ஒருவன்தான். முதலாளியின் இளைய மகன். இறைச்சி அறைச் சாவியும் அவனிடம் உண்டு. படத்தைக் கம்ப்யூட்டரில் கண்டெடுத்து, சுடச்சுடப் போலீசில் கொடுத்தவன் மூத்தவன். கைதான நாள் முதல் இளையவன் வாயைத் திறக்கவே இல்லை.

சித்தியைத் தேடி வந்து அழுதவள் இளையவனின் மனைவி. இப்போதும் கதவருகே முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

“மேடம், படத்தை விடுங்களேன். அது போலீஸ் பார்த்த படம்தானே. நான் அன்னிக்கே சொன்னேன், வாட்ச்மேனைப் பிடிச்சு விசாரிங்க. அவன்தான் எதையோ மறைக்கிறான்.”

“வாட்ச்மேன் எங்கேயும் ஓடிட மாட்டார்மா” என்று மடிக்கணினியைத் திறந்தாள் சித்தி. “படமும்தான். ஆனா படம் பொய் சொன்னா முகம் வேர்க்காது பாருங்க. அதனால அதை வேற மாதிரி விசாரிக்கணும்.”

“என்னத்தை விசாரிப்பே?” மூத்தவன் நாற்காலியைக் காலால் தள்ளினான். “எங்கப்பா செத்துட்டாரு. அடிச்சவன் என் தம்பி. எனக்கு வலிக்காதா? நீ வந்து வேடிக்கை காட்டறே!”

“சார், எங்க சித்தி ஆம்பளைங்களையே ‘நீங்க’ன்னுதான் பேசுவாங்க” என்றான் சோடா.

“உன்னைக் கேட்டனாடா?”

“யாருமே கேக்கறதில்ல சார். நானாத்தான் சொல்றது.”

சித்தி படத்தைத் திரையில் விரித்தாள். சோடா நேற்றே அதைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாய்த் தடவிப் பார்த்திருந்தான். ஒட்டு எதுவும் அகப்படவில்லை. கொக்கியின் நிழல் சரி, ஜாக்கெட்டின் விளிம்பு சரி. “சுத்தமான படம் சித்தி” என்று சான்றிதழே கொடுத்திருந்தான்.

“பாட்டுப் பெட்டில ஈக்வலைசர் பார்த்திருக்கியா? குச்சி குச்சியா ஏறி இறங்குமே?”

“தெரியுமே. பேஸ் ஏத்தினா ஜன்னல் அதிரும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.”

“பாட்டுல கனத்த சத்தம் எவ்வளவு, கீச்சுச் சத்தம் எவ்வளவுன்னு அது பிரிச்சுக் காட்டுது. படத்தையும் அப்படிப் பிரிக்கலாம். வெறும் சுவர்ல வெளிச்சம் மெதுவா மாறும். அது பேஸ் மாதிரி. தலைமுடி, துணி நெசவு இதெல்லாம் பொடிப்பொடியா மாறும். அது கீச்சு. மெதுவான அலை, வேகமான அலை, படுத்த அலை, சாஞ்ச அலை, இதுங்களை வேணுங்கற அளவுல கூட்டினா எந்தப் படமும் வந்திடும். எந்த அலை எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்கறதுக்குப் பேர்தான் டிரான்ஸ்ஃபார்ம்.”

“அப்ப படம் என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. அதே சரக்கு, வேற அடுக்கு. திருப்பிக் கணக்குப் போட்டா பழைய படம் அப்படியே வந்து நிக்கும்.”

அவள் ஒரு விசையைத் தட்டினாள். நடைபாதை, முதலாளி, கொக்கி எல்லாம் மறைந்து திரை கருத்தது. நடுவில் மட்டும் பொடி தூவினாற்போல ஒரு வெளிச்சம். மெதுவான அலைகள் எல்லாம் அங்கே. ஓரத்துக்குப் போகப் போக வேகமான அலைகள். அந்த வெளிச்சத்துக்கு இரு பக்கமும், எதிரெதிரே, இரண்டு புள்ளிகள் தனியாகப் பளிச்சென்று நின்றன.

“இருட்டுல பூனை முறைக்குது” என்றான் சோடா.

“முறைக்கட்டும். ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப வர்ற கோடு ஏதோ படம் முழுக்க இருக்கு. நம்ம கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மங்கல். ஆனா இங்கே அதெல்லாம் இந்த ரெண்டு புள்ளியில வந்து குவிஞ்சிடும். தப்பிக்க முடியாது.”

இரண்டு புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் அழித்தாள். கணக்கைத் திருப்பிப் போட்டாள். திரையில் இப்போது ஆளும் இல்லை, கதவும் இல்லை. மேலிருந்து கீழாக வெறும் கோடுகள். நேராக இல்லாமல், மேலே போகப் போகக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்த கோடுகள்.

மூத்தவனே கிட்டே வந்துவிட்டான். “இது கேமராவுக்கு முன்னாடி இருக்கற கண்ணாடி. பனி பிடிக்காம இருக்க உள்ளே சூடேத்தற கம்பி ஓடும். மாட்டினவன் கோணலா மாட்டிட்டான். அதுக்கென்ன?”

“அதுக்கென்னன்னு எனக்கும் தெரியலை. இன்னும் ஒரு வேலை பாக்கி. முழுப் படத்தையும் ஒரே மூச்சாக் கணக்கெடுத்தா என்ன அலை இருக்குன்னு சொல்லும், எங்கே இருக்குன்னு சொல்லாது. அதனால சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாப் பார்க்கணும்.”

கட்டங்கள் வரிசையாக ஓடின. இடச்சாய்வு, இடச்சாய்வு, இடச்சாய்வு. சோடாவுக்குக் கொட்டாவி வந்தது. பாதியில் அது நின்றது.

“சித்தி, இந்தக் கட்டம் மட்டும் வலப்பக்கமா சாயுது. அதோ, அங்கே ஒண்ணு.”

அவை இரண்டும் கதவுகளின் எண் பலகைகள் விழுந்த இடங்கள். கேமராவுக்குக் கிட்டத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. படத்தில் படிக்க முடிந்த எழுத்து அவை மட்டும்தான்.

“ஒரே கண்ணாடி வழியா எடுத்த படத்துல ரெண்டு சாய்வு எப்படிடா வரும்?”

“வராது. பலகையை யாரோ ஒட்டியிருக்காங்க.” சோடா தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். “சுத்தமான படம்னு சொன்ன வாயை முதல்ல கழுவணும்.”

“இல்லேன்னா பலகை நிஜம், மீதிப் படம்தான் பொய். எதுன்னு அந்தக் கண்ணாடியைப் பார்த்தாத் தெரியும்.”

“மேடம், இதெல்லாம் கோர்ட்ல நிக்குமா?” என்றாள் இளையவன் மனைவி. “வீணா நேரம் போகுதே. அங்கே அவர் லாக்கப்ல கிடக்கறார்.”

அதற்குள் வெளியே ஜீப் வந்து நின்றது. இளையவனை விலங்கோடு இறக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். குற்றம் நடந்த இடத்தில் அவனை நிறுத்திப் பேசவைக்கும் எண்ணம். சித்தியைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

“நீங்க இன்னும் போகலையா? தையல்கடையில துணி ஏதும் குடுக்கலையா இன்னிக்கு?”

“குடுத்தாங்க சார்” என்றான் சோடா. “காக்கி. அளவு பெருசா இருக்குன்னு திருப்பிட்டோம்.”

இன்ஸ்பெக்டரின் கை ஓங்கியது. சித்தி நடுவில் புகுந்தாள். “சார், ஒரு ஸ்டூலும் கொஞ்ச நேரமும் குடுங்க. படம் உண்மைன்னா நாங்களா வெளியே போயிடறோம்.”

நடைபாதையில் மூச்சு புகையாக வந்தது. பெயருக்கு ஆளுக்கொரு குளிர்ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்கள். முகமூடியை இழுத்துவிட்டால் யார் எவர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. சோடா ஸ்டூலில் ஏறி, மூக்கு ஒட்டும் தூரத்தில் கேமராக் கண்ணாடியைப் பார்த்தான். மெல்லிய கம்பிகள் வரிசையாக ஓடின.

“எந்தப் பக்கம் சாயுது?” என்றாள் சித்தி.

சோடா ஸ்டூலிலிருந்தபடியே திரும்பினான். “இடப்பக்கம் சித்தி. மேலே போகப் போக இடப்பக்கம்.”

மீதிப் படத்தில் இருந்த அதே சாய்வு. அப்படியானால் கொக்கி நிஜம், கை நிஜம். யாரோ பலகையில் எதையோ நோண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூத்தவன் கைதட்டினான். “கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? இவங்க ஆளே சொல்லிட்டான். போதுமா? கிளம்பு. ரெண்டு பேரும் கிளம்புங்க!”

இன்ஸ்பெக்டர் ஸ்டூலை பூட்ஸ் காலால் உதைத்தார். சோடா சரிந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். விலங்கோடு நின்ற இளையவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவன் மனைவி விம்மினாள்.

சித்தி மட்டும் அசையவில்லை. நடைபாதைக் கதவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. அதில் பனி படிந்திருந்தது. விரலால் அதில் ஒரு கோடு கிழித்தாள். மேலே போகப் போக இடப்பக்கம் சாய்கிற கோடு.

“சோடா, எழுந்திரு. கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு இதைப் பாரு.”

நொண்டிக்கொண்டே போனான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. முதலில் அதில் எரிச்சல் இருந்தது. பிறகு வாய் மெல்லப் பிளந்தது.

“வலப்பக்கம்!” கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “சித்தி, இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா வலப்பக்கம்!”

“நீ கண்ணாடிக்கு முன்னாடி நின்னு பார்த்தே. கேமரா பின்னாடி நின்னு பார்க்குது. நீ இடம்னா அதுக்கு வலம்.” சித்தி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “சார், இந்தக் கேமரா எடுக்கற எந்தப் படத்துலயும் கோடு வலப்பக்கம்தான் சாயும். உங்க படத்துல வலப்பக்கம் சாயற இடம் ரெண்டே ரெண்டு பலகை. அதுதான் நிஜம். மீதியெல்லாம் இடம் வலமாப் புரட்டினது. எண் திரும்பித் தெரியுமேன்னு, அதை மட்டும் பழைய படத்துலேர்ந்து வெட்டி அதது இடத்துல ஒட்டியிருக்காங்க.”

இன்ஸ்பெக்டரும் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

சித்தி ஸ்டூலை நிமிர்த்தி, மடிக்கணினியை அதன்மேல் வைத்துப் படத்தைப் புரட்டினாள். கொக்கி உருவத்தின் வலக்கைக்கு மாறியது.

“வலக்கை!” இளையவன் மனைவி வீரிட்டாள். “நான் சொன்னேனே, அவர் இல்லேன்னு! படத்தைக் கண்டுபிடிச்சது யாரு? போலீசுக்குக் குடுத்தது யாரு? பெரியத்தான்தானே! அவர் வலக்கைக்காரர்தானே!”

மூத்தவன் சித்தியின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான். ஒரு கான்ஸ்டபிளும் சோடாவும் சேர்ந்து தொங்கித்தான் அவனைப் பிடிக்க முடிந்தது. “கொன்னுடுவேன்! எங்கப்பாவை நானா? உன்னைக் கொன்னுடுவேன்டி!”

“என்னை அப்புறம் கொல்லலாம். முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க” என்றாள் சித்தி. “கை மட்டும் மாறலை. கதவும் மாறியிருக்கு. பாருங்க, புகை இப்ப எந்தப் பக்கம் வருது?”

எல்லோரும் பார்த்தார்கள். பாதி திறந்த கதவு வலப்பக்கம் இருந்தது. மருந்து வரிசை.

“மருந்து அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?”

மூத்தவனின் திமிறல் சட்டென்று அடங்கியது. தம்பி மனைவியை ஏறிட்டான். “அவகிட்ட மட்டும்தான். மருந்து வரவு, லேபிள் அடிக்கிறது எல்லாம் அவ பொறுப்பு. எங்க யார்கிட்டயும் அந்தச் சாவி கிடையாது.”

லேபிள் அடிக்கிறவளுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டி ஒட்டுவது எத்தனை சுலபம் என்று சோடாவுக்குத் தெரியும். ஓரம் தெரியாமல் ஒட்டிய அந்தக் கைநேர்த்தியை ஸ்டுடியோவில் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பான். வாட்ச்மேன், வாட்ச்மேன் என்று அவள் அரற்றியதும், பெரிய பெரிய ஏஜென்சிகளை விட்டுவிட்டுத் தையல்கடை மாடியைத் தேடி வந்ததும் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“சித்தி, நம்மகிட்ட ஏன் வந்தாங்கன்னு புரிஞ்சிடுச்சு. ஊர்லயே மட்டமான துப்பறியும் ஆபீஸ் எதுன்னு விசாரிச்சிருக்காங்க.”

“புருஷனுக்காகப் போராடற பொண்டாட்டின்னு பேரும் வேணும், ஒண்ணும் வெளியே வரவும் கூடாது” என்றாள் சித்தி.

இளையவன் மனைவியின் அழுகை நின்றுபோயிருந்தது. அவள் நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. “சாவியை யார் வேணா எடுத்திருக்கலாம். இந்தக் கோடு, புள்ளி, புகை... இதை வச்சு என்னைத் தூக்கில போட்டுடுவீங்களா?”

“நான்தான் அடிச்சேன்.”

குரல் கரகரத்திருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். விலங்கு பூட்டிய கைகளோடு இளையவன் முன்னால் வந்தான்.

“சார், எழுதிக்கோங்க. அப்பாவை அடிச்சது நான். அவளை விட்டுடுங்க.”

இன்ஸ்பெக்டருக்கு உயிர் வந்தது. “அப்படிச் சொல்லுடா. இத்தனை நாள் இதுக்குத்தானே...”

“சார், ஒரு நிமிஷம்.” சித்தி அவனருகே போனாள். அவள் குரல் முதன்முறையாகத் தணிந்தது. “தம்பி, அன்னிக்கு நீங்க எதையோ பார்த்திருக்கீங்க. கோபத்துல, பயத்துல அப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சு, பழியை ஏத்துக்கிட்டீங்க. சரிதானே?”

அவன் மனைவியைப் பார்த்தான்.

“அந்தப் படத்தை அழிச்சிருந்தாப் போலீஸ் எல்லாரையும்தான் சந்தேகப்பட்டிருக்கும். அழிக்கலை. உட்கார்ந்து, நிதானமா, இடம் வலமாப் புரட்டி வச்சாங்க. இந்த வீட்ல இடக்கைக்காரர் எத்தனை பேர் தம்பி?”

மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் வலக்கை, ஒன்றில் இடக்கை. இளையவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் இடக்கையை, விலங்கு வலக்கையையும் சேர்த்து இழுக்க, மெல்லத் தூக்கிப் பார்த்தான். யாருடைய கை என்று தெரியாதவன்போலப் பார்த்தான்.

“என்னையா?” என்றான் மனைவியிடம். “நான் உனக்காகத்தான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீ அதுக்கு முன்னாடியே என்னைக் காட்டிக் குடுத்துட்டியா?”

“உங்களை யாரு பேசாம இருக்கச் சொன்னா?” என்றாள் அவள். சூடும் இல்லை, அழுகையும் இல்லை. “உங்கப்பா நம்ம ரெண்டு பேரையும் தெருவுக்கு அனுப்பப் பார்த்தார். தனியா நின்னு தடுத்தது நான். நீங்க என்ன செஞ்சீங்க?”

அதற்கப்புறம் இளையவன் தங்குதடையில்லாமல் பேசினான். கெட்டுப்போன தடுப்பூசி மருந்துப் பெட்டிகளுக்கு அவள் புதுத் தேதி ஒட்டி அனுப்புவதை அப்பா கண்டுபிடித்துவிட்டார். “உன் பொண்டாட்டி அறையைத் திறந்து பாரு” என்று அவனிடமே சொன்னார். அவன் பார்க்கவில்லை, பார்க்கப் பயந்தான். அன்றைக்கு ஏதோ சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, அவள் மருந்து அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. ஜாக்கெட்டின் வலது கையில் ரத்தம். அப்பா தரையில்.

மூத்தவன் அவளிடமிருந்து சாவிக் கொத்தைப் பிடுங்கி மருந்து அறையைத் திறந்தான். அடுக்கு அடுக்காகப் பெட்டிகள். சோடா ஒன்றின் லேபிளை நகத்தால் உரித்தான். அடியில் இன்னொரு லேபிள், காலாவதியான தேதி. இன்ஸ்பெக்டர் சித்தியைப் பார்க்காமலே போனை எடுத்து, வெளியே போன மருந்து வண்டிகளை மறிக்கச் சொல்லிக் கத்தினார். சாயங்காலத்துக்குள் எல்லா வண்டிகளும் பிடிபட்டன. ஒரு மருந்தும் ஊசியில் ஏறியிருக்கவில்லை.

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். தாண்டிப் போகையில் சித்தியின் காலருகே காறித் துப்பிவிட்டுத்தான் ஏறினாள்.

விலங்கு கழன்ற மணிக்கட்டுகளைத் தேய்த்தபடி இளையவன் வாசலில் நின்றான். மூத்தவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றித் தம்பியின் தோளில் போட்டான்.

“வாடா. வீட்டுக்குப் போலாம். அம்மா சாப்பிடாம உட்கார்ந்திருக்கா.”

இளையவன் ஜாக்கெட்டைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, அண்ணன் கையிலேயே கொடுத்தான்.

“அந்தப் படத்தைப் பார்த்ததும் நேரா ஸ்டேஷனுக்குப் போனியே. நடுவுல நம்ம வீடு இருந்துச்சு. நான் உள்ளேதான் இருந்தேன். ‘நீயாடா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?”

இளையவன் வாசலைத் தாண்டி, வீடு இருக்கும் திசைக்கு நேர் எதிரே நடந்தான். அவன் தெருமுனை திரும்பும் வரை மூத்தவன் அந்த ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கூப்பிடவில்லை.